பேஸ்ட் போடாததைப் பற்றி: நம்ம அம்பாசடர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்து அண்ணாச்சிமாருக்கும், ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து மலை இறங்கி வருகிற சேட்டன்மாருக்கும் வணக்கம்.

ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்களில் பலருக்கும் வந்திருக்கும். நம்ம பட்டறையில் இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்றை இன்ஜினுக்குள் கொண்டுபோகிற குழாய்) மாட்டும்போது சிலிக்கான் பேஸ்ட் போடாமல் வெறும் பேக்கிங்கை (சந்தை அடைக்க இடையில் வைக்கிற தகட்டை) வைத்து முடுக்கிவிட்டார்களாம், அதனால் புளியரை எஸ் வளைவில் லாரிக்கு வழிவிட ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஆஃப் ஆகிவிட்டதாம், பேஸ்ட் காசை மிச்சம் பிடிக்கிறார்களாம். கூலி அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பேஸ்ட் போடவில்லை, உண்மைதான். இனியும் போட மாட்டோம். பெட்ரோல் பட்டால் அந்த சிலிக்கான் ஊறி நைந்துபோகும், முடுக்கும்போது உள்பக்கம் பிதுங்கின துணுக்கு பிய்ந்து நேராக வால்வுப் பக்கம் போகும். அதோடு 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் குழாயும்) ஹெட்டின், அதாவது இன்ஜின் மேல்பாகத்தின், ஒரே பக்கம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங். எக்ஸாஸ்ட் சூட்டில் பேஸ்ட் எத்தனை நாள் தாங்கும்?

வண்டி ஆஃப் ஆனது, மேனிஃபோல்டு சேரும் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்ததால்தான், இதைத்தான் ஏர் இழுப்பது என்போம். அதற்குக் காரணம் வேறு. நடு ஸ்டட்களில் (ஹெட்டில் பதித்த மரை ஆணிகளில்) இருக்கிற தடித்த வாஷர் ஒரு பாதியால் இன்டேக்கையும் மறு பாதியால் எக்ஸாஸ்டையும் அமுக்குகிறது. இரண்டு ஃபிளேஞ்சும் (ஹெட்டில் ஒட்டி உட்காரும் விளிம்பும்) ஒரே கனமாக இருந்தால்தான் இரண்டும் அமுங்கும், இல்லாவிட்டால் நட்டை எவ்வளவு முடுக்கினாலும் கனம் குறைந்தது லூஸாகவே நிற்கும். அந்த வண்டிக்கு எக்ஸாஸ்ட் ஏற்கெனவே வேறு பட்டறையில் மாற்றியிருந்தது. இரண்டையும் ஹெட்டில் பொருத்தி, வாஷர் உட்காரும் இடத்தில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால், இன்டேக் பக்கம் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் தகடுகளில்) 0.4 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. எக்ஸாஸ்டை லேத்தில் கொடுத்து இழைக்க ஒரு நாள் கேட்டோம். கல்யாண வீட்டு அவசரம், அப்படியே மாட்டுங்க என்றார் வண்டிக்காரர். ஏர் இழுக்கும் என்று சொல்லித்தான் மாட்டினோம், பில்லிலும் எழுதியிருக்கிறது. காலை எடுத்ததும் ஆஃப் ஆனதே அதற்குச் சாட்சி: திராட்டில் (ஆக்சிலேட்டர் மிதித்தால் திறக்கிற காற்று மூடி) மூடியிருக்கும்போதுதான் மேனிஃபோல்டுக்குள் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அதிகம், சந்து வழியாகக் காற்றும் அப்போதுதான் அதிகம் புகும். இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இன்டேக் வழி இரண்டுதான், ஒன்றில் காற்று புகுந்தால் இரண்டு சிலிண்டர் சேர்ந்து மிஸ் ஆகும்.

நாங்கள் மாட்டும் முறையை நேரில் வந்து பாருங்கள். பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துப் புதுசு வைத்து, நடுவிலிருந்து வெளியே நோக்கி நட்டுகளைச் சுற்றுச் சுற்றாக 15 அடி-பவுண்டு வரை முடுக்குவோம். அப்புறம் இன்ஜினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முடுக்குவோம். கடைசியில் ஸ்லோவில் ஓடவிட்டு, ஜாயின்ட்டில் கார்புரேட்டர் கிளீனரை லேசாக அடித்தால் இன்ஜின் சத்தம் மாறக்கூடாது. உங்கள் கண் முன்னால்தான் அதைச் செய்கிறோம்.

நம்ம லேத் தம்பி வேலையை விட்டு கோயம்புத்தூர் போய்விட்டதால் இழைக்கிற வேலை இப்போது தென்காசிக்குப் போகிறது, அதனால் மேனிஃபோல்டு வேலைக்குக் கூலி கொஞ்சம் கூடும், மலைக்கு மேலே வந்து வண்டி பார்ப்பதும் இப்போதைக்கு இல்லை.

அந்த மெசேஜைக் கேட்ட பிறகும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "நீங்க பாருங்க அண்ணாச்சி" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள் நீங்கள். 2014-இல் அம்பாசடர் உற்பத்தியே நின்ற பிறகும் இந்தப் பட்டறை ஓடுவது உங்களால்தான்.

மேனிஃபோல்டு வேலை என்றால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், இன்ஜின் நன்றாக ஆறியிருந்தால் காலையிலேயே கழற்ற ஆரம்பித்துவிடலாம். எக்ஸாஸ்டை எப்போதாவது மாற்றியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.