ஆண்டறிக்கை 2024–25: உதவித்தொகை, மனு, மற்றும் நின்றுபோன காகிதங்கள்

தலைவர், பொருளாளர், சங்க உறுப்பினர்கள், மகளிர் குழு அக்காமார்கள், வளைகுடா நாடுகளில் இருந்தபடி போனில் படிக்கப்போகும் தம்பிமார்கள், எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14-க்குள்தான் நம் ஊரில் பொதுக்குழு கூட்ட முடியும் என்பது தெரிந்ததுதான், மற்ற மாசத்தில் கூட்டினால் மேடையில் இருப்பவர்களும் டீ கொண்டுவருபவரும்தான் இருப்போம். குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, இறங்குதளத்துக்குப் போகும் பாதை இதெல்லாம் தலைவர் பேசுவார். நான் அரசு உதவிகள் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சங்க அறைக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள்.

மனுக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. தகுதி இல்லை என்று தள்ளப்பட்டவை கொஞ்சம்தான். தகுதி முழுசாக இருந்தும் ஒரு அட்டையில் இருக்கிற பேர் இன்னொன்றில் இல்லாததால் நின்றவைதான் அதிகம். ஆதாரில் பாத்திமா பீவி, பாஸ்புக்கில் ஃபாத்திமா, ஸ்மார்ட் கார்டில் பாத்திமுத்து. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியல். சகாயமேரி ஒரே சொல்லாக ஒன்றில், இரண்டாகப் பிரிந்து இன்னொன்றில். ஊருக்கு இவர் யார் என்று தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் சங்கம் இந்த வருஷம் செய்த வேலையில் பாதிக்கு மேல் மனு எழுதுவது இல்லை, பேரைச் சரிசெய்வதுதான்.

ஆதாரில் பேரை இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான். இது தெரியாமல் அவசரத்தில் ஒரு மையத்தில் மாற்றி, அது தப்பாக விழுந்து, மறுபடி மாற்றி, இப்போது திருத்த வழியில்லாமல் நிற்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகையில் இதுதான் பெரிய முட்டுக்கட்டை. அந்தக் காலத்தில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? ஆதார் எடுத்த பையன் "எத்தனை வயசு பாட்டி" என்று கேட்டு, பாட்டி குத்துமதிப்பாக ஒன்று சொல்ல, ஜனவரி 1 என்று போட்டு அனுப்பிவிட்டான். பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பாட்டிக்கு ஆதாரில் 60 ஆகவில்லை. 2023 ஆகஸ்டில் இந்தத் தொகை 1,000-லிருந்து 1,200 ஆனது, ஆதரவற்ற விதவைகளுக்கும் அதே 1,200. மாசம் 1,200 என்பது டவுனில் இருப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியலாம், மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் மருமகளிடம் கை நீட்டாமல் இருக்க அது போதும். ஆகவே ஒரே ஒரு தடவை கிடைக்கிற அந்தத் தேதித் திருத்தத்தை, கையில் சரியான ஆதாரக் காகிதம் இல்லாமல் யாரும் போய்ச் செலவழித்துவிட வேண்டாம். முதலில் சங்கத்துக்கு வாருங்கள், பேசலாம்.

அடுத்தது மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்தது, மாசம் 1,000. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், கரண்டு வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. நம் ஊரில் இந்த நிலக் கணக்கு யாரையும் தடுக்கவில்லை, நமக்கு ஏது நஞ்சை. தடுத்தது காரும் மீட்டரும். ஒரே ரேஷன் கார்டில் மூன்று குடும்பம் இருக்கும், வெளிநாட்டில் இருக்கிற மூத்தவன் வாடகைக்கு விடலாம் என்று ஒரு கார் எடுத்திருப்பான், அந்தக் காரில் ஒரு நாள் கூட ஏறாத இரண்டாவது மருமகளுக்குத் தொகை இல்லை. மூன்று வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் யூனிட் எகிறிவிடும். உலை தனி, கார்டு ஒன்று, அதுதான் கோளாறு. கார்டைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று போன வருஷமே சொன்னோம். "சேர்ந்து இருக்கிற குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறான் செயலாளர்" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். மாமா, நான் அட்டையைத்தான் பிரிக்கச் சொன்னேன்.

இன்னொரு தவறான எண்ணம், வீட்டில் மாமியார் முதியோர் உதவித்தொகை வாங்கினால் மருமகளுக்குக் கிடையாது என்பது. அப்படி இல்லை. முதியோர் தொகை வாங்குகிறவர் மட்டும்தான் உரிமைத் தொகை கேட்க முடியாது, அந்த வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் கேட்கலாம். நிராகரித்து மெசேஜ் வந்தால் 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். மெசேஜ் போவது எந்த போனுக்கு என்பதுதான் கேள்வி. அந்த நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருக்கும், அல்லது நடுக்கடலில் மகன் கையில் இருக்கும்.

தொகை வந்தும் வராத கதை ஒன்று உண்டு. நேரடியாகக் கணக்கில் போடும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதில்தான் போய் விழும். ஒரு அக்கா நூறு நாள் வேலைக்காக என்றோ தொடங்கிய கணக்கு, அந்த பாஸ்புக் எங்கே போனது என்றே தெரியாது, அதில் மாசாமாசம் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. இவர் வேறு பாங்க்கில் போய் நின்று "வரலை வரலை" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்த அன்றைக்கு அந்த அக்கா சங்கத்துக்கு ஒரு கிலோ நண்டு கொண்டுவந்தார், அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று பொருளாளர் கேட்கிறார்.

இனி கைரேகை. கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார்கள் விரலைப் பார்த்திருப்பீர்கள். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்கும்போது கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அப்படியும் வருஷக்கணக்காக உப்புத் தண்ணியில் ஊறி, பாறையில் உரசி, ரேகை என்று ஒன்று இருந்த இடம் வழுவழு என்று ஆகிவிடுகிறது. ரேஷன் கடையில் விரலை வைப்பார், சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்து வைப்பார், சிவப்பு. தலைமுடியில் எண்ணெய்ப் பிசுக்கில் தேய்த்து வைப்பார், சில நேரம் பச்சை வரும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கருவிழி பார்க்கும் கருவி இருக்கும் கடையில் பிரச்சினை இல்லை. முடியவே முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம், பொருள் அவர் வாங்கித் தருவார். ஆனால் பணம் எடுக்க விரல்ரேகை மெஷினோடு வீட்டுக்கு வருகிறவரிடம் இதெல்லாம் கிடையாது, விரல் விழவில்லை என்றால் அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விடுவார். அவர்களுக்கெல்லாம் ஏ.டி.எம் கார்டு வாங்கிக் கொடுக்கும் வேலையை மகளிர் குழு எடுத்துச் செய்கிறது. பின் நம்பரை அட்டை மேலேயே பேனாவால் எழுதி வைக்காதீர்கள் என்று மறுபடி கேட்டுக்கொள்கிறேன்.

பாசி எடுக்கும் பெண்கள் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே கால் வைக்கக் கூடாது. காற்று அடித்தால் போக முடியாது, கலங்கல் தண்ணியில் பாசி தெரியாது. கடலில் முங்கி எழுந்து வருகிற இந்தப் பெண்ணுக்கு ஒரு நிவாரணம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் மீனவர் மனைவி என்ற பேரில்தான் வருகிறது. இதற்கு நடுவில் உருப்படியாக ஒன்று உண்டு, மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம். இவர் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. ஆண்களுக்கும் அதே 4,500, அதில் நம் பங்கு 1,500, மாநிலம் 1,500, மத்திய அரசு 1,500. கட்டிய பணம் மூன்று மடங்காகத் திரும்பும் சீட்டு வேறு எங்கே இருக்கிறது? இருந்தும் சேராமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. புருஷன் உறுப்பினர், நான் எதற்கு என்கிறார்கள். நீங்களும்தான் அக்கா. உங்கள் பேரில் ஒரு அட்டை இருக்கட்டும்.

தடைக்கால நிவாரணம் 8,000. 2023 ஆகஸ்டில் நம் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் 5,000-லிருந்து உயர்த்துவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். 61 நாளுக்கு 8,000 என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கல்யாணம் ஆகித் தனிக்குடும்பம் போன பையன்கள் இன்னும் அப்பா கார்டில் இருக்கிறார்கள், கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது அப்பா பேர்தான் ஏறும், மகன் வெளியே நிற்பான். மேலே சொன்ன அதே கார்டு சமாச்சாரம்தான்.

இந்த இடத்தில் ஒரு இருபது ரூபாய் விஷயம். பாங்க்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு, 18-லிருந்து 70 வயசு வரை, இறந்தால் வீட்டுக்கு 2 லட்சம். ஜூன் 1-லிருந்து மே 31 வரை ஒரு ஆண்டு, பணம் பிடிப்பது மே கடைசியில். தடைக்காலத்தின் நடுவில் நம் கணக்கில் என்ன இருக்கும்? துடைத்துப் போட்டிருப்போம். பிடிக்க 20 ரூபாய் இல்லாமல் காப்பீடு அறுந்துபோகிறது, ஜூன் 15-ல் படகு இறங்கும்போது பாதிப் பேர் காப்பீடு இல்லாமல் கடலுக்குப் போகிறோம். மே மாசம் முழுக்கக் கணக்கில் 500 ரூபாய் கிடக்கட்டும், 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் அதே நேரத்தில்தான் பிடிக்கிறார்கள். மீனவர்களுக்குக் கையிலிருந்து கட்டாமலே 5 லட்சம் விபத்துக் காப்பீடும் இருக்கிறது, அதற்கு மீன்வளத் துறைப் பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இலங்கைச் சிறையில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு நாளுக்கு 350 ரூபாய் வந்துகொண்டிருந்தது. தங்கச்சிமடத்தில் மீனவர்கள் நடத்திய போராட்ட நேரத்தில் அது 500 ஆகும், பிடிபட்ட விசைப்படகுக்கு நிவாரணம் 6 லட்சத்திலிருந்து 8 லட்சம் ஆகும் என்று அறிவிப்பு வந்தது. அந்த வீடுகளின் காகிதங்களைச் சங்கமே கொண்டுபோய்க் கொடுத்தது. இதில் நான் அதிகம் எழுதவில்லை, அவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் படிப்பில் நல்ல செய்தி. தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கியது, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பையன்களுக்கும் மாசம் 1,000. புதுமைப்பெண் திட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் 2024 டிசம்பர் 30-லிருந்து சேர்த்துவிட்டார்கள். நம் கரையில் சர்ச் பள்ளிக்கூடத்திலும் முஸ்லிம் ஜமாத் பள்ளிக்கூடத்திலும் படித்த பெண்கள் எத்தனை பேர், எல்லாரும் இவ்வளவு நாள் வெளியே இருந்தார்கள். கல்லூரி மூலம்தான் விண்ணப்பம், சங்கத்துக்கு வர வேண்டியதில்லை.

நூறு நாள் வேலையில் 2024–25-ல் கூலி 319 ரூபாய் என்று பேராக இருந்தது. வேலை செய்து மாசக்கணக்கில் வரவில்லை. மத்திய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்று முதலமைச்சரே 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், நம் மனு அதற்கு மேல் என்ன செய்துவிடப்போகிறது. இருந்தாலும் கொடுத்தோம்.

மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள் என்று சான்று வேண்டும். அட்டை கையில் இருந்தும் ஒரு தனியார் மருத்துவமனையில் நம் உறுப்பினர் வீட்டில் "அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று வாங்கிவிட்டார்கள். காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண்ணுக்குப் புகார் சொன்னபிறகு ஒரு பகுதி திரும்பியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நகையை அடகு வைக்கும் முன்னால் அட்டையை எடுத்துப் பையில் வையுங்கள்.

புரோக்கர் விஷயம். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய். "ஆபீசில் ஆளைத் தெரியும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போன ஒருவரை எல்லாருக்கும் தெரியும், பேர் எழுதவில்லை. அவர் செய்தது நாம் செய்யும் அதே ஆன்லைன் பதிவைத்தான். கொடுத்தவர்களும் சும்மா இல்லை, "சங்கம் லேட் பண்ணும், அவர் சட்டுனு முடிப்பார்" என்றார்கள். சரி, முடித்தாரா?

வரும் வருஷத்துக்குச் செயற்குழு முடிவு செய்தது இது. கடைசி நாள் சாயங்காலம் சங்கக் கதவைத் தட்டுவதை நிறுத்த, ஒவ்வொரு வெள்ளியும் தொழுகைக்குப் பிறகு, ஞாயிறு பூசை முடிந்த பிறகு இரண்டு வேளை மட்டும் அறை திறக்கும். வரும்போது ஆதார், ஸ்மார்ட் கார்டு, பாஸ்புக், போன் நம்பர் நான்கும் வேண்டும், போட்டோ எடுத்த போனை மட்டும் கொண்டு வந்தால் திருப்பி அனுப்புவோம். கம்ப்யூட்டர் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு வந்தால் நல்லது, டீயும் வடையும் சங்கச் செலவு. பிரிண்டர் மை தீர்ந்து கிடக்கிறது, அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லிப் பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன், அவர் கணக்கு வாசிக்கும்போது யாராவது அதை ஞாபகப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்