லட்சத்தீவின் கவரத்திக்குக் குடிபோகும் மகளுக்கு

அன்புள்ள செல்வி,

முதலில் தேதியை முடிவு பண்ணுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். லட்சத்தீவில் மே 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை. பேப்பூரிலிருந்தும் மங்களூரிலிருந்தும் சரக்கு ஏற்றிவரும் மஞ்சு என்னும் மரக்கலங்கள் அந்த நாலு மாதமும் ஓடாது. கொச்சியிலிருந்து பயணிக் கப்பல் ஓடும், ஆனால் குறைவாக ஓடும். காற்று பிடித்தால் ரத்தாகும், இல்லையென்றால் தீவு வரை போய் ஆளை இறக்க முடியாமல் நிற்கும். அதனால் சாமான் ஏப்ரல் பாதிக்குள் கொச்சி துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மாப்பிள்ளை அதோடு முன்னால் போய்க் குவார்ட்டர்ஸைப் பார்த்து வைக்கட்டும். நீயும் பிள்ளைகளும் மே முதல் வாரம் போங்கள். அது தவறினால் ஜூனில் கிளம்பாதே. பள்ளி திறந்துவிட்டதே என்று தோன்றும். தோன்றட்டும். காற்று ஓய்ந்த ஒரு இடைவெளி வரும்வரை நாகர்கோவிலிலேயே இரு. முதல் கடற்பயணமே உங்களுக்கு வாந்தியும் பயமுமாக அமைந்தால், அடுத்த முறை கப்பல் ஏறச் சொல்லும்போதெல்லாம் சின்னவள் அழுவாள்.

அகத்தித் தீவுக்கு விமானம் இருக்கிறதே என்று கேட்டாய். ஓடுபாதை சின்னது, அதனால் ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்கும். பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு. அகத்தியிலிருந்து கவரத்திக்கு மறுபடி கடலையோ ஹெலிகாப்டரையோ நம்ப வேண்டும். அவசரத்துக்கு விமானம், குடிபோவதற்குக் கப்பல்.

சாமானை மரப்பெட்டியில் போடு. கப்பலில் ஏற்றும்போதும் தீவில் படகுக்கு இறக்கும்போதும் வலையில் கட்டித் தூக்குவார்கள். அட்டைப்பெட்டி அடியில் மாட்டினால் நசுங்கும், நனைந்தால் வாய் பிளக்கும். உள்ளே கனமான பாலிதீன் உறை, அதற்குள் சாமான். பேர், அலுவலகம், ‘கவரத்தி’ மூன்றையும் பெயிண்டால் இரண்டு பக்கமும் எழுது. ஒட்டுச்சீட்டு உப்புக்காற்றில் உரிந்துபோகும். சாமான் நீங்கள் போவதற்குள் வந்து சேர்ந்துவிடும் என்று நினைக்காதே. பத்து நாள் அது இல்லாமல் ஓட்டுகிற மாதிரி கைப்பையைக் கட்டு: ஒரு குக்கர், ஒரு வாணலி, படுக்கை விரிப்பு, கொசுவலை, மருந்து, பிள்ளைகளின் டிசி, பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை, மாப்பிள்ளையின் மாற்றல் ஆர்டரில் நாலு நகல். அரசு வேலையில் போகிறவருக்கும் குடும்பத்துக்கும் நுழைவு அனுமதி விதியில் விலக்கு உண்டு, ஆனால் கேட்கும்போது ஆர்டரைக் காட்ட வேண்டும். நானும் அம்மாவும் பார்க்க வருவதென்றால் இங்கே போலீஸ் சான்று வாங்கி, பெர்மிட் போட்டுத்தான் வரவேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும்.

கப்பலில் நாலு படுக்கை இருக்கிற இரண்டாம் வகுப்புக் கேபின் உங்கள் மூன்று பேருக்கும் போதும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. கடல் சுகக்கேட்டு மாத்திரையை வாந்தி வந்தபிறகு கொடுத்துப் பயனில்லை, அதுவும் வெளியே வந்துவிடும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடு. சின்னவளுக்கு எத்தனை மில்லி என்று அவளுடைய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இட்லி, பிரெட், ரஸ்க் போதும். வெறும் வயிறும் ஆகாது.

இறங்குவதுதான் கவனமாகச் செய்யவேண்டிய வேலை. ஜெட்டியில் (படகுத்துறையில்) அணைய முடியாத நாளில் கப்பல் பாறைத்திட்டுக்கு வெளியே நிற்கும். பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னப் படகுக்கு மாறவேண்டும். படகு அலையில் ஏறும், இறங்கும். உச்சிக்கு வந்து ஒரு கணம் நிற்கும், அப்போதுதான் காலை எடுத்து வைக்கணும். இறங்கும்போது வைத்தால் கால் அந்தரத்தில் நிற்கும். படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் கையோ காலோ போகவே கூடாது, நசுங்கிவிடும். மாலுமிகள் புஜத்தைப் பிடித்துத் தூக்கி வைப்பார்கள். பிள்ளைகள் தாங்களாகக் குதிக்காமல் அவர்கள் கைக்கே விடச்சொல். எல்லார் பையும் முதுகில் இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக இருக்கணும். சேலை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள். காலில் பட்டி வைத்த செருப்பு. லைஃப் ஜாக்கெட்டைப் பெரியவன் வெட்கப்பட்டுக் கழற்றினால் ஒரு அதட்டல் போடு.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே பாதி நோய் அதிலிருந்துதான் வரும். கவரத்தி நாலு சதுர கிலோமீட்டர் பவழ மணல். ஆறில்லை, குளமில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே இலேசாக மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே நாற்பது அடி நிற்கும் என்பது ஏட்டுக் கணக்கு. கடல் ஓதம் ஏறி இறங்குவதில் கலந்துபோவதால் உண்மையில் அவ்வளவு கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது: நீர்மட்டத்தை மேலே கொஞ்சம் இறக்கினால் உப்புநீர் கீழேயிருந்து பல மடங்கு ஏறிவரும். கிணற்றில் பெரிய மோட்டார் போட்டு ஒரே இழுப்பில் தொட்டியை நிரப்புகிறவர்கள் கிணறு உப்பாவது அதனால்தான். சின்ன மோட்டார், காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். ஃபுட் வால்வை (உறிஞ்சுகுழாயின் அடிவாயை) அடிமட்டத்தில் வைக்காதே, மேல்நீரை மட்டும் இழுக்கிற உயரத்தில் வை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை பார்த்து எழுதி வை. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. எண் வாராவாரம் ஏறினால் இறைப்பைக் குறை.

உப்பு நாக்குக்குத் தெரிந்துவிடும். கழிவு தெரியாது. பவழ மணல் சரியாக வடிகட்டாது, கக்கூஸ் குழியில் இருப்பது கிணற்றுக்கு வர அதிக நாளாகாது. குவார்ட்டர்ஸில் கிணறு எங்கே, குழி எங்கே என்று மாப்பிள்ளை முதல் நாளே பார்க்கட்டும். குளோரின் போட ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வேண்டும். வட்டக் கிணற்றில் எத்தனை லிட்டர் என்பதற்குக் கணக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீராழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கு (எல்லாம் மீட்டரில்). இரண்டு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் 3,140 லிட்டர், அதற்கு எட்டு கிராம் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விடு. பவுடர் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் வீரியம் போய்விடும், சின்னப் பொட்டலமாக வாங்கு. அப்படியும் இது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவத்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் இருக்கிறது. நம் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தியில் ஒரு நிலையம் தொடங்கியது. மேல்மட்டக் கடல்நீர் சுமார் 28 டிகிரி. அதைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால் அடுப்பில்லாமலே ஆவியாகும். 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏற்றிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். தொடங்கியபோது நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011 கணக்கெடுப்பில் கவரத்தி மக்கள் 11,221 பேர். வகுத்துப் பார், தலைக்கு ஒன்பது லிட்டர்கூட இல்லை. அதனால் அந்தத் தண்ணீரில் காய்கூடக் கழுவாதே. உப்பு மிகக் குறைந்த தண்ணீர் என்பதால் முதலில் சப்பென்று இருக்கும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். நாலு நாள் குடிநீர் எப்போதும் வீட்டில் மூடி இருக்கட்டும். மழை பெய்தால் கூரையில் பிடி: ஐம்பது சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 400 லிட்டர் நிச்சயம். முதல் கால் மணி நேரத்தை வழியவிட்டுவிட்டுப் பிடி. தொட்டிக்குக் கொசுவலை கட்டாவிட்டால் டெங்குவை வீட்டில் வளர்ப்பதாகும்.

எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று குழப்பம் வந்தால் ஒரே கேள்வி கேள்: அடுத்த கப்பல் வரை இது இல்லாமல் முடியுமா? சோபா முடியும். சின்னவளின் இன்ஹேலர் முடியாது. மூன்று மாதத்துக்கு வாங்கு, காலாவதி தேதி பார்த்து வாங்கு. நெபுலைசர் இருந்தாலும் ஸ்பேசரும் மாஸ்க்கும் வேண்டும், கரண்ட் இல்லாத ராத்திரியில் அதுதான் வேலை செய்யும். ஓஆர்எஸ் முப்பது பாக்கெட், ஜிங்க், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர் இரண்டு. பெரியவனுக்கு மாற்றுக் கண்ணாடி. பல்லை இங்கேயே காட்டி அடைக்க வேண்டியதை அடைத்துவிடு. கவரத்தியில் இந்திரா காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறது, சாதாரணக் காய்ச்சல் தொல்லைக்குப் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் போனால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத்தான், அது ராத்திரியிலும் கொட்டும் மழையிலும் நினைத்தவுடன் பறக்காது. ஆகவே வீஸிங் இன்ஹேலருக்கு அடங்காவிட்டால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதே, பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இரு.

மீன் சூரைதான். நீங்கள் சலித்துப் போகும் அளவுக்குச் சூரை. ஒன்று மட்டும் கவனம்: வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஊறிவிடும். பார்வைக்கும் வாசனைக்கும் சரியாகவே இருக்கும். குழம்பு கொதித்தாலும் அது அழியாது, பொரித்தாலும் அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி வந்து, உடம்பு அரிக்கும். பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தப்பாக முடிவுகட்டி அப்புறம் மீனே கொடுக்காமல் விடுவார்கள். படகு வந்ததும் வாங்கு, ஐஸில் இருந்ததை வாங்கு, வாங்கியதும் வீட்டுக்குப் போ. காய்கறி கப்பல் வந்த இரண்டு நாள் கிடைக்கும், பிறகு உருளையும் வெங்காயமும்தான். முருங்கை, பப்பாளி, ஈரப்பலா உள்ளூரில் உண்டு. துவரம்பருப்பு, உளுந்து, புளி, வற்றல் எல்லாம் மே மாதத்துக்கு முன்னால் நாலு மாதத்துக்குச் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் போடு. சாம்பார்பொடியை மாதாமாதம் அரைத்து அனுப்புகிறேன் என்கிறாள் அம்மா. அனுப்பட்டும், ஆனால் அதை நம்பி அடுப்பில் உலை வைக்காதே. கேஸுக்கு இரண்டாவது சிலிண்டரும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் வேண்டும்.

இரும்பு எதுவும் அங்கே நிலைக்காது. தோசைக்கல்லுக்கு எண்ணெய், சைக்கிள் செயினுக்குக் கிரீஸ், பூட்டுக்குப் பித்தளை. லேப்டாப்பைக் கடல் பக்க ஜன்னலோரம் வைத்தால் ஆறு மாதத்தில் போர்டு பச்சை பூக்கும். கார் வேண்டாம், தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை ஆறு கிலோமீட்டர்கூட இல்லை, நாலு சைக்கிள் போதும். நம் வீட்டு டாமியைக் கொண்டுபோக முடியாது, லட்சத்தீவில் நாய்க்கு இடமில்லை. பெரியவனிடம் இதை இப்போதே சொல்லிவிடு, கொச்சியில் வைத்துச் சொல்லாதே. பங்காரம் தீவு தவிர வேறெங்கும் மதுவும் கிடையாது. இதை மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிக்கொள், மாமனார் சொன்னதாக இருக்க வேண்டாம்.

பள்ளி விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம். அங்கே கேரளப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாற்றுகிற வேலை நடக்கிறது, பெரியவன் சிபிஎஸ்இ என்பதால் அதில் சிக்கல் குறைவு. ஆனால் அவன் அங்கே சேர்வது எட்டாம் வகுப்பில். மாற்றல் இரண்டு வருஷம் என்றால் ஒன்பது முடித்துப் பத்துக்கு வேறு பள்ளி தேட வேண்டிவரும். பத்தில் சேர்ப்பது சட்டப்படியும் கடினம், பிள்ளைக்கும் கடினம். ஒன்று, மூன்றாவது வருஷத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். இல்லை, எட்டு முடிந்ததும் அவனை எங்களிடம் அனுப்பு. சின்னவளுக்குக் கவலையில்லை, மூன்று மாதத்தில் தீவு மலையாளம் பேசிவிடுவாள். தமிழ்தான் கைவிட்டுப் போகும். பள்ளியில் தமிழ் பாடம் இருக்காது. தினம் ராத்திரி அரைப்பக்கம் வாசிக்க வை, எனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல். 2024-இல் கடலடி கேபிள் வந்ததிலிருந்து வீடியோ பேசலாம், ஆனால் பேச்சு வேறு எழுத்து வேறு.

மேற்கே லகூன் (பாறைத்திட்டுக்கு உள்ளே இருக்கும் கடல்), கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர், குளம் போலக் கிடக்கும். அங்கே விளையாடட்டும். படகு நுழையும் வாய்க்கால் பக்கம் மட்டும் கூடாது. ஓதம் வடியும்போது உள்ளிருக்கும் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் வெளியேறும், நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துக்கொண்டு போகும். வெறுங்காலோடு பாறையில் நடக்கக்கூடாது. கல்மீன் (கல் போலக் கிடக்கும் விஷமுள் மீன்) குத்தினால் தாங்குகிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் காலை ஒரு மணி நேரம் வரை வைத்தால் வலி இறங்கும், பிறகு ஆஸ்பத்திரி. சூட்டை உன் கையால் பார்த்தபின் வை, வலியில் பிள்ளைக்குச் சூடு தெரியாது. பவழத்தில் கீறினால் நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவு, துணுக்கு உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். செத்த பவழத்துண்டு ஒன்றைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவிடாதே, வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம். தென்னைக்கு அடியில் பாய் விரிக்காதே.

இன்னொன்று. இங்கே எனக்கோ அம்மாவுக்கோ ஏதாவது என்றால் நீ வந்துசேர மூன்று நாளாகலாம், மழைக்காலத்தில் ஒரு வாரமும் ஆகலாம். அதை நாங்கள் இரண்டு பேரும் பேசிவிட்டோம். தம்பி பக்கத்தில் இருக்கிறான், பார்த்துக்கொள்வான். டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஜெட்டியில் நின்று நீ அழக்கூடாது. வழக்கமான லீவுக்கு வருவதென்றால் டிக்கெட் திறக்கிற நாளிலேயே போட்டுவிடு. பெருநாளுக்கும் கோடை விடுமுறைக்கும் தீவுக்காரர்களுக்கே இடம் கிடைக்காது.

ஃப்ரிட்ஜின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் தெர்மோகோலுக்கு விட்டுப் பெட்டி செய்ய வேண்டும், ஆசாரிக்குப் பத்து நாள் ஆகும்.

அன்புடன்,
அப்பா