வண்ணமீன் கடைக்காரர்களுக்கு: தொட்டிக்கு ஒரு சீட்டு ஒட்டுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வண்ணமீன் கடை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஆஸ்கர், ஏஞ்சல் போன்ற சிக்லிட் குடும்ப மீன்களைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து சரக்கு வந்து இறங்கும்போதே எது எதைக் கடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் கடையில் ஆஸ்கர் ஒரு தொட்டியிலும் ஏஞ்சல் வேறு தொட்டியிலும் நீந்துகின்றன. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறீர்கள்?

பேத்தியின் பிறந்தநாளுக்கு ஏஞ்சல், பொடி மீனான நியான் டெட்ரா, விரல் நீளத்தில் ஒரு டைகர் ஆஸ்கர் வாங்கினோம். சேர்ந்து இருக்குமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். "எல்லாம் ஒன்றாக இருக்கும் ஆச்சி" என்றார் கடைக்காரர். முதலில் டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு ஏஞ்சலின் வயிற்றடியில் நூலாகத் தொங்கும் இரண்டு துடுப்புகளும் அடியோடு போயின. வால் கிழிந்து, ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒடுங்கி நின்றது. தீனி போட்டாலும் வெளியே வரவில்லை. "அப்பத்தா, நான் மறைத்துக்கொள்கிறேன், அது சாப்பிடட்டும்" என்று ஆஸ்கர் வரும் பக்கம் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள் பிள்ளை. அந்த ஏஞ்சலும் பிழைக்கவில்லை.

ஆஸ்கர் மேல் குற்றமே இல்லை. வாய்க்குள் அடங்குவதெல்லாம் அதற்கு இரை. ஓரடி வரை வளரும் அமேசான் மீன் அது. நீங்கள் விற்ற இரண்டடித் தொட்டியின் அகலமும் உயரமும் ஓரடிதான். விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர். வளர்ந்த ஆஸ்கர் அதற்குள் திரும்பக்கூட முடியாது. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

நான் கேட்பது ஒரு சீட்டு. எந்த நாட்டு மீன், எவ்வளவு வளரும், எதனோடு சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தொட்டியிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மஞ்சளும் நீலமுமாக மின்னும் ஆப்பிரிக்க மலாவி ஏரி மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர் வேண்டும். அவற்றை அந்த ஏரி மீன்களோடுதான் வைக்க வேண்டும், ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்ற கணக்கில். டிஸ்கஸுக்கு மென்னீர் வேண்டும். 28 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும். உப்பேறிய போர் தண்ணீரில் அதை விடச் சொல்வது அநியாயம். கான்விக்ட் ஜோடி முட்டையிட்டால் காவலுக்கு நின்று கிட்ட வருவதையெல்லாம் விரட்டும். ஃப்ளவர்ஹார்ன் தனியாகத்தான் இருக்க வேண்டும். ஏஞ்சலுக்குத் துணை கேட்பவரிடம் அடியில் மேயும் கோரிடோரஸ் கெளுத்தியையும் உடல் பருத்த டெட்ராவையும் காட்டுங்கள். இவ்வளவும் உங்களுக்கு விரல் நுனியில் இருப்பவை. எழுதி ஒட்டத்தான் மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தொட்டியை மீறி வளர்ந்த மீனைக் கொல்ல மனமில்லாதவர்கள் ஊரணியில் கொண்டுபோய் விடுகிறார்கள். 1952இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீனும் (திலாப்பியா) சிக்லிட் குடும்பம்தான். இன்று நம் கண்மாய்களில் வலை போட்டால் அதுதான் வருகிறது. மழைநீரைத் தேக்கிக் குடிக்க முன்னோர் வெட்டி வைத்த ஊரணியில் உங்கள் கடை மீனை யார் விடச் சொன்னது? விடுபவரைக் குறை சொல்லலாம். ஆனால் அவர் திருப்பிக் கொண்டுவந்தபோது வாங்க மறுத்தது யார்? என் வீட்டு ஆஸ்கரையும் வாங்க மாட்டேன் என்றுதான் அந்தக் கடையில் சொன்னார்கள்.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கமல்ல. தயவுசெய்து சீட்டு ஒட்டுங்கள். எழுத ஆளில்லை என்றால் நானே தெளிவாக எழுதித் தருகிறேன். வளர்ந்த மீனைத் திருப்பித் தருபவரிடம் காசு கொடுக்காவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவதாக எங்கள் ஆஸ்கரை எந்தக் கடைக்குக் கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஓர் அப்பத்தா