சமயப் பாடத்துக்கு மாணவர் தயாரிப்பு: ஆசிரியர்கள் கவனிக்க

வணக்கம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதான ஓவியங்கள், தருமபுரி அருங்காட்சியக நடுகற்கள் (இறந்த வீரர் நினைவாக நட்ட கற்கள்) இரண்டுக்கும் மாணவர்களை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். குழுக்கள் தயாரிக்கும் 3 நிமிட ஒலிப்பதிவுக்கு 250 சொல் போதும். 400 எழுதினால் பிள்ளைகள் மூச்சுமுட்ட வாசிப்பார்கள். அனுமதி வாங்கிய பிறகே படம். நடுகல்லுக்கு பிளாஷ் போட்டால் நிழல் போய் எழுத்து தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டு பளிச்சென எழும்பும். மாவு, சுண்ணப்பொடி தேய்க்கவே கூடாது. படங்களை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையேல் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

முக்கியமாக, "கல்வெட்டில் உள்ளது", "பக்தர்கள் நம்புகிறார்கள்" இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்க விடாதீர்கள். பெரும்பாலான பிழை அங்கேதான் வருகிறது. பூசாரி சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதட்டும்.