மடக்கு டிரைமரான் கவிழாது என்பது தவறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ட்ரெய்லரில் ஏற்றிச் செல்லும் சிறிய மடக்கு டிரைமரான் (நடு உடலும், இருபுறமும் குறுக்குக் கைகளால் இணைத்த மிதவைகளும் கொண்ட) பாய்ப்படகைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அதன் வேகத்தையும் ஒரு நிமிடத்தில் ஒரு பக்கம் மடிந்துவிடுவதையும் பாராட்டியிருந்தது. இரண்டும் உண்மையே. ஆனால் "இது கவிழாது" என்ற வரியை நம்பி யாராவது கடலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அடியில் ஈயம் சுமக்கும் ஒற்றையுடல் படகு, சாயச் சாய நிமிர முயலும். டிரைமரானில் அந்தக் கனம் கிடையாது; அகலம்தான் அதன் பலம். கார்சேர் எஃப்-24 என்ற மடக்கு டிரைமரான் வகையில் விரித்த அகலம் சுமார் 5.4 மீட்டர், மடித்தால் 2.5 மீட்டர். படகும் ஆட்களும் சேர்ந்து 1,100 கிலோ, நடுக்கோட்டிலிருந்து மிதவையின் மையம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிர்த்தும் திருப்புவிசை 2,750 கிலோ-மீட்டர். இது மிகப் பெரிய எண். ஆனால் நடு உடல் தண்ணீரை விட்டு எழும் கணத்திலேயே அது உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அப்போது சாய்வு பத்துப் பதினைந்து பாகைதான் இருக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் விசை குறைந்துகொண்டே போகும். முழுதாகக் கவிழ்ந்த படகு மூழ்காமல் மிதக்கும். ஆனால் வெளியுதவி இல்லாமல் நிமிராது.

ஆகவே பாயைக் குறைக்க வேண்டிய நேரத்தைச் சாய்வை வைத்து முடிவு செய்யக் கூடாது, காற்றின் வேகத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். காற்று மணிக்கு 12 கடல்மைலிலிருந்து 17 கடல்மைலுக்கு ஏறினால் பாயின் மேல் விழும் விசை இரட்டிப்பாகிறது. படகோ சாயாமல் இருப்பதுபோலவே தோன்றும். காற்று விலகும் பக்கத்து மிதவையின் அணியத்தை (முன்முனையை) பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் மேல்தளம் நீர்மட்டத்தை நெருங்கினால் பாய் அதிகம் என்று பொருள். அணியம் புதைந்தால் படகு குட்டிக்கரணம் போடும். மிதவை ஒன்றே படகின் மொத்த எடையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்கும்படி நல்ல வடிவமைப்பாளர்கள் வரைவது இதனால்தான்.

மடிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூசிலாந்துக்காரரான இயன் ஃபேரியர் 1970களில் உருவாக்கிய முறையில், குறுக்குக் கைகளைப் பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் மிதவை கீழிறங்கி நடு உடலோடு ஒட்டிக்கொள்ளும். படகின் நீளம் மாறாது. ஆனால் மடித்த நிலையில் மிதவையின் பக்கவாட்டு நீரில் கிடப்பதால், நாள்கணக்கில் கட்டிவைத்தால் பாசியும் சிப்பியும் பிடிக்கும். டென்மார்க்கின் டிராகன்ஃபிளை படகுகளில் கைகள் பின்னோக்கிச் சுழல்கின்றன. மிதவை நிமிர்ந்தே நிற்கும், மடித்தால் நீளம் கூடும். எந்த முறையானாலும் மடித்த படகு அகலத்தை இழந்த படகு. அந்த நிலையில் பாய் ஏற்றவே கூடாது.

வேகத்துக்கு எமன் எடை. நடு உடலின் நீர்மட்டப் பரப்பு சுமார் 3.6 சதுர மீட்டர் என்றால் 100 கிலோ கூடுதல் சாமான் படகை ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர் அமிழ்த்தும். மிதவைகளும் அதே அளவு இறங்குவதால், இலேசான காற்றில் இரண்டும் தண்ணீரில் இழுபடும். மிதவையின் மூடிகள் ஒழுகி உள்ளே 50 லிட்டர் சேர்ந்தால் அதுவே 50 கிலோ. மடிக்கும்போது கை ஏறாமல் மல்லுக்கட்ட வேண்டிவரும். மடிக்குமுன் இறைத்துவிடுங்கள்.

சுக்கான் பெரும்பாலும் கவனிக்கப்படாத இடம். இறக்கிய பலகை சில பாகை பின்னுக்குச் சாய்ந்தாலும் அதன் பரப்பு அச்சுக்குப் பின்னால் போய், கைப்பிடி தாங்க முடியாத கனமாகிவிடும். பாயைக் குறை சொல்லுமுன் சுக்கானைக் கட்டும் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய படகு வாங்குவோர் பார்க்க வேண்டியது கைகளின் மூட்டுகள். விரித்த நிலையில் மிதவையின் முனையைத் தூக்கி இறக்கினால் மூட்டில் ஆட்டம் தெரியக் கூடாது. தெரிந்தால் மூட்டைப் பிணைக்கும் ஊசிகளின் துளைகள் தேய்ந்திருக்கின்றன. பிடிப்பான்களைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் உள்ளே நீர் இறங்கி, படகுச் சுவரின் நடு அடுக்கு இற்றிருக்கலாம். அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட் உப்புநீரில் அரிப்பைத் தூண்டும், காப்புப் பசை பூசியே முறுக்க வேண்டும். நடு உடலுக்கும் மிதவைக்கும் இடையே கட்டிய வலையில் முதலில் இற்றுப்போவது தையல் நூல்.

பாய்மரத்தை நிமிர்த்துவதற்குத்தான் உண்மையில் நேரம் பிடிக்கிறது. மிதவை மடிந்திருக்கும்போது பக்கக் கம்பிகள் தளர்ந்து தொங்கும். எனவே மரம் சாயாமலிருக்க, அதன் அடிக்கீலின் நேர்கோட்டில் தற்காலிகத் தாங்குகயிறுகள் இரண்டைக் கட்டியே தூக்க வேண்டும். தலைக்கு மேலே மின்கம்பி இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ட்ரெய்லரின் முன்கொக்கியில் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் விழ வேண்டும். குறைந்தால் சாலையில் பின்பகுதி அலைபாயும். அப்போது படகை அச்சுக்கு முன்னால் சற்று நகர்த்திக் கட்டினால் சரியாகும்.

இப்படிக்கு,
படகு வடிவமைப்புத் துறை வாசகர்