நரகம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நரகத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையின் முதல் பகுதியைப் படித்தேன். நரகத்தைப் பற்றிய வசனங்களை எழுத்துப்படியே கொள்ள வேண்டும், வேதம் தெளிவாகச் சொல்லிவிட்டது, இனி விளக்கத்துக்கு இடமில்லை என்பது கட்டுரையாளரின் முடிவு. விளக்கம் கேட்கிற சக கிறிஸ்தவர்களை 'அறிவிலிகள்' என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டார். நரகம் இல்லை என்று வாதிட நான் இதை எழுதவில்லை. அந்த வசனங்கள் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்று அவர் ஓர் இடத்திலாவது கேட்டிருக்க வேண்டாமா?

அவர் எடுத்துக்காட்டும் 'புறம்பான இருள், அழுகை, பற்கடிப்பு' மத்தேயு சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனங்களை ஏனோ விட்டுவிட்டார். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவன், வேற்று இனத்தான், தன் வேலைக்காரனுக்காக வந்து மன்றாடுகிறான். இப்படிப்பட்ட விசுவாசத்தை இஸ்ரவேலரிடமும் கண்டதில்லை என்கிறார் இயேசு. கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து ஆபிரகாமோடு பந்தியிருப்பார்கள். இருளில் தள்ளப்படுகிறவர்களோ 'ராஜ்யத்தின் புத்திரர்'. உள்ளே தங்களுக்கு இடம் உறுதி என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள். இந்த வசனத்தை உருவி ஆலயத்துக்கு வெளியே நிற்பவனை நோக்கி நீட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஐசுவரியவானும் அவன் வாசலில் கிடந்த ஏழை லாசருவும் செத்தபின், முன்னவன் வேதனையிலும் பின்னவன் ஆபிரகாமின் மடியிலும் இருக்கும் லூக்கா 16-க்கும் இதே கதிதான். ஏழைக்குப் பெயர் கொடுக்கப்பட்டிருப்பதால் அது உவமை அல்ல, நடந்த சம்பவம் என்று நிறுவுவதற்கே கட்டுரையாளர் இரண்டு பத்திகளைச் செலவிட்டுவிட்டார். அந்த வழக்கில் கதை காணாமல் போயிற்று. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பொருளாசைக்காரரான பரிசேயர், அதாவது யூத சமயப் பிரிவினர் என்று லூக்காவே சில வசனங்களுக்கு முன்னால் எழுதியிருக்கிறார். கதையின் பணக்காரன் அவிசுவாசி அல்ல. ஆபிரகாமைத் 'தகப்பனே' என்று கூப்பிடுகிறான், ஆபிரகாமும் 'மகனே' என்றுதான் பதில் சொல்கிறார். வேதனையில் கிடக்கும்போதும் அவன் லாசருவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்து என் நாவைக் குளிரப்பண்ண அவனை அனுப்பும் என்று ஆபிரகாமிடம் கேட்கிறான். அது நடக்காது என்றதும், என் சகோதரர் ஐந்து பேரை எச்சரிக்க அவனை வீட்டுக்கு அனுப்பும் என்கிறான். வாசலில் பருக்களோடு கிடந்தவன் அவன் கண்ணுக்கு இப்போதும் ஏவலாள்தான். பெயர் மட்டும் சரியாகத் தெரிகிறது. அப்படியானால், நாய்கள் வந்து நக்கிக்கொண்டிருந்தபோதும் அது தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தீச்சுவாலையைவிட இந்த இடம்தான் என்னைக் கலங்கடிக்கிறது.

எழுத்துப்படி பொருள்கொள்ள வேண்டும் என்கிறார். மாற்கு 9-இல், உன் கண் உனக்கு இடறல் உண்டாக்கினால் அதைப் பிடுங்கிப்போடு, இரண்டு கண்ணோடு நரக அக்கினியில் தள்ளப்படுவதைவிட ஒற்றைக் கண்ணோடு தேவ ராஜ்யத்தில் பிரவேசிப்பது நலம் என்கிறார் இயேசு. இதன் முற்பாதியை எழுத்துப்படி கைக்கொண்ட போதகர் எவரையும் நான் பார்த்ததில்லை, நல்லவேளை. பிற்பாதிக்கு வந்ததும் சட்டம் மாறிவிடுகிறது. அங்கே சொல்லப்படும் சாவாத புழுவும் அவியாத நெருப்பும் ஏசாயாவின் கடைசி வசனத்திலிருந்து வந்தவை; ஏசாயாவில் அவை பிரேதங்களின் மேல் இருக்கின்றன. ஒரே மத்தேயு நரகத்தை இருள் என்றும் சொல்கிறார், நெருப்பு என்றும் சொல்கிறார். இவை உருவகங்கள் என்று சொன்னவர்களில் 16-ஆம் நூற்றாண்டின் திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வினும் ஒருவர். அவரையும் வேதத்தில் தண்ணீர் கலந்தவர் கணக்கில் எழுதிவிடுவதா?

அப்போஸ்தலர் நடபடிகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசுகிறார். ஏதென்ஸின் மார்ஸ் மேடையில் பவுல் பேசுகிறார். இரண்டு இடங்களிலும் கேட்பவர்கள் யூதரல்லாத புறவினத்தார். இரண்டிலும் நியாயத்தீர்ப்பு உண்டு, நரக அக்கினி இல்லை. வெளியாட்களை மிரட்டி உள்ளே அழைக்கும் வழக்கம் அந்தப் பிரசங்கங்களில் இல்லை.

திருச்சபை இதில் எப்போதும் ஒரே குரலில் பேசியது என்பதும் சரியல்ல. 4-ஆம் நூற்றாண்டின் ஆயர் நிசாவின் கிரகோரி, கடைசியில் எல்லாம் சீர்ப்படும் என்ற நம்பிக்கையை வெளிப்படையாகவே எழுதினார். அவர் இன்றும் புனிதராகவே போற்றப்படுகிறார். அந்த நம்பிக்கையைத் திருச்சபைத் தந்தை அகஸ்டின் கடுமையாக மறுத்தார். மறுக்கும்போதும், இரக்க மனம் கொண்ட இந்தச் சகோதரரோடு சமாதானமாகவே வாதிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். நம் காலத்தில், வேதாகமத்தை முதன்மைப்படுத்தும் புராட்டஸ்டன்ட் பிரிவான இவாஞ்சலிக்கல் உலகில் பெருமதிப்புப் பெற்ற ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட், கெட்டவர்கள் முடிவில்லாமல் வதைக்கப்படாமல் இறுதியில் அழிந்துபோவார்கள் என்ற கருத்தின் பக்கம் தாம் சாய்வதாக 1988-இல் தயக்கத்தோடு எழுதினார். நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, கடவுளைத் தானே விட்டு விலகிக்கொண்ட மனிதனின் நிலை என்று 1999 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பால் விளக்கினார்.

மறுதரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நரகம் என்ற பேச்சே பழங்காலப் பூச்சாண்டி என்று தள்ளிவிடுகிறவர்கள் மத்தேயு 25-ஐ என்ன செய்வார்கள்? 'நித்திய ஆக்கினை'யும் 'நித்திய ஜீவ'னும் அங்கே ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றுக்கு முடிவு உண்டு, மற்றதற்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள் என்று அகஸ்டின் கேட்ட கேள்வி வலுவானது. என்னிடம் அதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால் அதே அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பின்போது தண்டனைக்காக இடதுபக்கம் நிறுத்தப்பட்டவர்கள், 'ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்' என்று திகைத்துப்போய்க் கேட்கிறார்கள். 'ஆண்டவரே' என்று கூப்பிடத் தெரிந்தவர்கள். கட்டுரையாளர் 46-ஆம் வசனத்தை மேற்கோள் காட்டியிருக்கிறார். பசித்தவனுக்குச் சோறு போடாததும், அந்நியனைச் சேர்த்துக்கொள்ளாததும், சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்க்காததும்தான் அங்கே குற்றப்பத்திரிகை என்பதைச் சொல்ல அவருக்கு இடம் போதவில்லை போலும்.

அடுத்த பகுதிக்கு ஒரு வேண்டுகோள். சகோதரனை 'மூடனே' என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான் என்ற மத்தேயு 5:22-ஐ அவர் தயவுசெய்து எடுத்துக்கொள்ளட்டும். முதல் பகுதியில் தாம் எழுதிய 'அறிவிலிகள்' என்ற சொல்லையும் அருகில் வைத்துக்கொண்டு, இந்த வசனத்தையும் எழுத்துப்படியே கொள்வதா, இங்கே மட்டும் விளக்கத்துக்குச் சற்று இடம் உண்டா என்று அவர் எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்