ஊன்றிய திருவடியும் அருளே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழித் திருவாதிரையை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் வெளிவந்த நடராசர் திருவுருவம் பற்றிய கட்டுரையை ஈடுபாட்டுடன் படித்தேன். ஆடலரசனின் கூத்தைப் பிரபஞ்ச இயக்கத்தோடு ஒப்பிட்டு, ஜெனீவாவில் உள்ள அணுத்துகள் ஆய்வு மையத்துக்கு இந்திய அரசு வழங்கி, 2004-ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்ட நடராசர் சிலையையும் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருந்தார். அந்த ஒப்புமையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நடராசரின் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனை வதம் செய்யப்படும் அசுரன் என்றும், திருவுருவைச் சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசியை உலகை எரிக்கும் ஊழித்தீ என்றும் அவர் ஒரு வரியில் சொல்லி முடித்திருப்பது சைவ சித்தாந்தம் வழிவழியாகக் கொண்டுள்ள பொருளோடு பொருந்தவில்லை. நடராசர் ஆடும் ஐந்து சபைகளுள் இரண்டைத் தன்னிடத்தே கொண்ட நெல்லைச் சீமையின் வாசகர்களிடம் இந்தப் பொருள் பிழையாகப் போய்ச் சேரக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டாரின் மாணவர் திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம், இத்திருவுருவத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் சொல்கிறது:

தோற்றம் துடியதனில் தோயும் திதியமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் – ஊற்றமா
ஊன்று மலர்ப்பதத்தில் உற்றதிரோ தம்முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு.

உடுக்கை ஏந்திய கையில் படைத்தலும், அஞ்சேல் என அமைத்த கையில் காத்தலும், தீ ஏந்திய கையில் ஒடுக்குதலும், ஊன்றிய திருவடியில் மறைத்தலும், தூக்கிய திருவடியில் வீடுபேறும் இருப்பதாகக் கொள்வது இதன் கருத்து. ஒடுக்கத்தைக் குறிக்கும் தீ கையில் மட்டுமே இருக்கிறது. சுற்றிலும் சுடர்விடும் திருவாசியை அதே நூல் ஓங்காரம் என்று கூறுகிறது. கையில் உள்ள அந்த ஒடுக்கமும் வெறும் அழிவன்று. பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் இளைப்பாறுதலாகவே சித்தாந்த நூல்கள் அதைப் பேசுகின்றன.

முயலகனைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சித்தாந்த விளக்கத்தில் முயலகன், உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலத்தின் வடிவம். ஆணவம் உயிரோடு அநாதியாகவே, அதாவது தொடக்கம் என்பதே இல்லாமல், ஒட்டியிருப்பது. அதன் வலிமை அடங்குமே தவிர அது ஒரேயடியாக இல்லாமற் போவதில்லை என்பது சைவத்தின் துணிபு. ஆகவேதான் நம் வார்ப்புத் திருமேனிகளில் முயலகன் மாண்டு கிடப்பதில்லை. உயிரோடு, பெரும்பாலும் தலையை நிமிர்த்தியபடி, திருவடியின் கீழ் அமுங்கிக் கிடக்கிறான். உண்மை விளக்கமும் 'மலம் சாய அமுக்கி' என்றே சொல்கிறது. கொன்று என்று சொல்லவில்லை. இதை அசுர வதமாகச் சொல்லும்போது, நம் ஒவ்வொருவருக்குள்ளும் நடக்கின்ற ஒன்று எங்கோ எப்போதோ நடந்து முடிந்த ஒரு போரின் கதையாகச் சுருங்கிவிடுகிறது.

முயலகனை மிதித்திருக்கும் வலத் திருவடி மறைத்தலைக் குறிக்கிறது என்பதை ஆலயங்களில் விளக்கம் சொல்வோரும் பெரும்பாலும் தொடாமலே கடந்துவிடுகிறார்கள். இறைவன் தன்னை மறைத்துக்கொள்வதும் அருள்தானா என்று கேட்போருக்கு இந்த இடமே விடை தருகிறது. பக்குவம் வரும் முன்னரே மெய்ப்பொருள் வெளிப்பட்டால் தாங்கும் நிலையில் உயிர் இல்லை. எனவே அவன் பின்னே நின்று உலக அனுபவங்களில் உயிரைச் செலுத்தி, வினையை நுகரச் செய்து, மலத்தின் கடுமை தேயும் வரை காத்திருக்கிறான். பிடியை விட்டதுபோல் காட்டிக்கொண்டு குழந்தைக்கு நடை பழக்கும் தாயின் செயல் இது. துன்பக் காலத்தில் 'கடவுள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்' என்று மனம் நொந்து பேசுகிறவர்களுக்கு ஊன்றிய திருவடியின் பொருளை எடுத்துச் சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! அந்தத் திருவடி அழுந்த ஊன்றியிருப்பதனால்தான் மற்றொன்று தூக்கி நிற்க முடிகிறது. யானையின் துதிக்கைபோல் உடலுக்குக் குறுக்காக வீசிய இடக்கை சுட்டுவதும் தூக்கிய அத்திருவடியையே. 'இனித்தமுடைய எடுத்த பொற்பாதமும் காணப் பெற்றால் மனித்தப் பிறவியும் வேண்டுவதே' என்று அப்பர் பெருமான் தில்லையில் உருகியதும் அதைக் கண்டுதான்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையிலும், சுவரோவியமாகவே கூத்தப்பெருமான் காட்சி தரும் குற்றாலச் சித்திர சபையிலும் திருவாதிரை நாளில் திரளான மக்கள் கூடுகிறார்கள். இராசவல்லிபுரத்தை அடுத்த செப்பறையில் அழகிய கூத்தரைத் தேடி வருவோரும் பலர். தரிசனமும் களியும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றன, பொருள்தான் கிடைப்பதில்லை. 1982-இல் களவுபோன கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்திலிருந்து 2019-இல் மீண்டு வந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அப்போதும் திருமேனியின் தொன்மையையும் விலைமதிப்பையும் பற்றிப் பேசியதில் ஒரு பங்குகூட அதன் தத்துவத்தைப் பற்றி நாம் பேசவில்லை என்பது என் மனத்தாங்கல்.

இந்து சமய அறநிலையத் துறையினர் தாமிர சபை, சித்திர சபை ஆகிய இரண்டின் முன்பும் மேற்கண்ட வெண்பாவையும் எளிய தமிழில் அதன் உரையையும் கல்வெட்டாகவோ பலகையாகவோ வைக்க வேண்டும். சித்திர சபையில் வைக்கும்போது ஓவியச் சுவர்களில் ஆணி அடிக்காமல் வெளியே தனியாக நிறுத்துவது அவசியம். தங்கள் நாளிதழும் திருவாதிரைக்கு முன்னதாகவே முயலகனையும் திருவாசியையும் பற்றிய திருத்தத்தை அதே ஆன்மிக இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.